பெட்டியைக் கட்டுவதற்கு முன்னால் ஒருமுறை உதறு

ஏட்டி, மகளுக்குப் பேறுகாலம் பார்க்கச் சிங்கப்பூர் போகிறேன், ஒரு நல்ல பை இருந்தால் கொடு என்று நீ கேட்டாய் அல்லவா. அன்றைக்கே உன் அத்தான் பரணில் ஏறி அந்தப் பச்சைப் பையை இறக்கினார். பட்டாளத்திலிருந்து ரிட்டயர் ஆகி வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு வந்த பை. கான்வாஸ் இன்னும் கல்லு மாதிரி இருக்கிறது. தூசி தட்டி மொட்டைமாடி வெயிலில் போட்டுவிட்டு, சாயங்காலம் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுப் பையின் அடித்தையலில் கட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கொட்டைப்பாக்கு என்றுதான் நினைத்தேன். உள்துணியில் ஒரு ஓட்டை, அதன் வழியாக நழுவி இரண்டு துணிக்கும் நடுவில் போய் உட்கார்ந்திருந்தது. விரலை விட்டு நெம்பினால் வெளியே வந்தது ஒரு பித்தளைக் கூடு. சுண்டுவிரல் நீளம். வாய் திறந்திருந்தது. அடிவட்டத்தின் நடுவில் ஊசி குத்திய சின்னப் பள்ளம். சுட்டு முடித்த வெத்துத் தோட்டா.

உன் அத்தானுக்கு முகமே சுருங்கிப்போயிற்று. “ஃபயரிங் முடிஞ்சா காலிக் கூட்டையெல்லாம் எண்ணி வாங்கிருவாங்களே, இது எப்படித் தப்புச்சு” என்று அதையே நாலு தடவை சொன்னார். இத்தனை வருஷம் எங்கள் தலைக்கு மேல், பரணில், அது பாட்டுக்குக் கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்குப் போய் விவரம் சொல்லி ஒப்படைத்துவிட்டு வந்தார். ரைட்டர் ஒரு மாதிரி பார்த்தாராம். பார்த்தால் பார்க்கட்டும். அந்தப் பையை நீ திருச்சி ஏர்போர்ட் ஸ்கேனிங் பெல்ட்டில் வைத்திருந்தால் எத்தனை பேர் உன்னை அப்படிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தபோது எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்குச் சொல்வதை, வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும் மற்ற தங்கச்சிகளும் கேட்டுக்கொள்ளட்டும்.

முதல் விஷயம். இரவல் நகை வாங்கு, இரவல் பட்டுச்சேலை வாங்கு, விமானத்துக்கு மட்டும் இரவல் பை வாங்காதே. சங்கரன்கோவில் கடைவீதியில் சக்கரம் வைத்த பெட்டி மலிவாகவே கிடைக்கிறது. ஒருவர் பையில் அவருடைய பிழைப்பும் ஒட்டிக்கொண்டிருக்கும். தையல்காரர் பையில் ஊசி, கத்திரி. கரண்ட் வேலை செய்கிறவர் பையில் பிளேடு, டேப். பட்டாளத்துக்காரர், போலீஸ்காரர், தோட்டக்காவலுக்கு லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர், துப்பாக்கி சுடும் போட்டிக்குப் போகிற காலேஜ் பிள்ளை, இவர்கள் பையில் என்ன கிடக்கும் என்று இப்போது தெரிந்துவிட்டதே.

இது நம் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2024 ஜூன் மாதம் சென்னை விமான நிலையத்தில் நடிகர் கருணாஸ் திருச்சி விமானத்துக்கு வந்தார். கைப்பையை ஸ்கேன் செய்தபோது உள்ளே 40 தோட்டாக்கள். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கிறது, அவசரத்தில் பையைக் கவனிக்காமல் எடுத்துவந்துவிட்டேன் என்றார். காகிதங்களைக் காட்டியதால் விட்டுவிட்டார்கள், ஆனால் அன்றைய பயணம் போனது போனதுதான். முன்னாள் எம்.எல்.ஏ.; ஊர் முழுக்கத் தெரிந்த முகம்; கையில் லைசென்ஸ். நமக்கு இந்த மூன்றில் ஒன்றாவது உண்டா?

லைசென்ஸ் வைத்திருக்கிற வீடுகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். துப்பாக்கி போய்விடும். தோட்டா டப்பா பீரோவிலோ பயணப் பையின் அடியிலோ தங்கிவிடும். துப்பாக்கி வீட்டில் இல்லை என்றதுமே அது மறந்தும் போகும். லைசென்ஸிலேயே அது எந்த எல்லைக்குள் செல்லும் என்று எழுதியிருக்கும்: மாவட்டமா, மாநிலமா, நாடு முழுக்கவா என்று. கடல் தாண்டினால் அந்தப் புத்தகம் வெறும் காகிதம். துப்பாக்கியோடு பயணம் போக முறை இருக்கிறது. விமான கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிவித்து, கவுன்ட்டரில் எழுதிக்கொடுத்து, தோட்டா கழற்றிய துப்பாக்கியைப் பூட்டிய பெட்டியில் லக்கேஜில் போட வேண்டும். வெளிநாடு என்றால் அந்த நாட்டு அனுமதியும் வேண்டும். நம்மைப் போல் பேறுகாலம் பார்க்கப் போகிறவர்களுக்கு இந்த வழியே வேண்டாம்.

“நம்ம ஊர் ஏர்போர்ட்டில்தான் ஸ்கேன் பண்ணி விடுறாங்களே, இருந்தா அங்கேயே எடுத்திருப்பாங்க” என்று போன வாரம் போனில் சொன்னாய். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 2024-இல் கரீபியன் கடலில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் என்ற குட்டித் தீவுகளில் நடந்ததைக் கேள். அது பிரிட்டனின் ஆளுகையில் இருக்கும் இடம், வெள்ளை மணல் பார்க்க அமெரிக்கர்கள் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். அப்படிப் போன ஐந்து அமெரிக்கர்கள் சில மாதங்களுக்குள் ஒருவர் பின் ஒருவராகப் பிடிபட்டார்கள். பையில் தோட்டா. துப்பாக்கி யாரிடமும் இல்லை. ஒருவர் பையில் நாலே நாலு. வேட்டைக்குக் கொண்டுபோன பையை அப்படியே சுற்றுலாவுக்கும் தூக்கிவந்ததுதான் காரணம். அவர் தன் ஊரில் ஏறும்போது அமெரிக்க விமான நிலையப் பாதுகாப்புத் துறையே ஸ்கேனில் அதைத் தவறவிட்டிருந்தது. திரும்பி வரும்போது தீவின் விமான நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். அப்போது அந்தத் தீவின் சட்டத்தில் அதற்குக் குறைந்தபட்சத் தண்டனை 12 வருஷம். எண்ணிப் பார், ஒரு தோட்டாவுக்கு மூன்று வருஷம்! ஒருவர் மூன்று மாதத்துக்கும் மேல் பெண்டாட்டி பிள்ளைகளைப் பிரிந்து ஜாமீனில் அங்கேயே கிடந்தார். அமெரிக்காவிலிருந்து எம்.பி.க்கள் போய்ப் பேசினார்கள், ஜூன் மாதம் தீவின் சட்டமே திருத்தப்பட்டது. நிறுத்திவைத்த தண்டனை, அபராதம் என்று ஒருவழியாக ஊர் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காக்காரனுக்காகச் சட்டத்தைத் திருத்தினார்கள். சங்கரன்கோவில்காரிக்குத் திருத்துவார்களா?

போகும்போது யாரும் கேட்கவில்லை என்பது வரும்போது செல்லாது. ஒரே பயணத்தில் மூன்று நான்கு இடத்தில் ஸ்கேன் உண்டு. இடையில் விமானம் மாறும் ஊரும் அதில் சேர்த்தி. ஹாங்காங்கில் லைசென்ஸ் இல்லாமல் தோட்டா வைத்திருந்தால் 14 வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ஹாங்காங் டாலர் வரை அபராதம். விமானம் மாற மட்டும் இறங்கினவர்களுக்கும் அதே சட்டம்தான்.

நீ போகிற சிங்கப்பூரிலும் கெடுபிடிதான். அங்கே 1973-ஆம் வருஷத்து ஆயுதக் குற்றச் சட்டப்படி, அனுமதியில்லாத துப்பாக்கியோ தோட்டாவோ கையில் இருந்தால் 5 முதல் 10 வருஷம் சிறை, கூடவே குறைந்தது 6 பிரம்படி. பெண்களுக்குப் பிரம்படி கிடையாது, அதனால் உனக்குச் சிறை மட்டும்தான்! சிரிக்காதே. வெத்துக் கூடு சட்டத்தின் கண்ணில் தோட்டாவா இல்லையா என்று வக்கீல் வைத்து வாதாடலாம். வாதாடி முடிப்பதற்குள் பிள்ளை பிறந்து தவழ ஆரம்பித்துவிடும்.

நம் நாட்டில் எப்படி என்றால், 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா இருந்தால் முன்பு 1 முதல் 3 வருஷம் என்று இருந்தது, 2019-இல் திருத்தி 2 முதல் 5 வருஷம் ஆக்கிவிட்டார்கள். ஏர்போர்ட்டில் பாதுகாப்புக்கு நிற்கிற சி.ஐ.எஸ்.எஃப். படை கண்டுபிடித்து, உள்ளூர் போலீஸிடம் ஒப்படைத்து, எஃப்.ஐ.ஆர். போடுவார்கள். ஒரு ஆறுதல் உண்டு. வைத்திருப்பது தெரிந்து வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. அதை வைத்துத்தான், பையில் ஒன்றிரண்டு தோட்டா மறந்துபோய்க் கிடந்த பல பயணிகளின் வழக்குகளை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அந்த ‘ரத்து’ என்ற ஒரு சொல்லுக்கு எத்தனை நடை, எத்தனை வாய்தா, எவ்வளவு பீஸ் என்று ஒரு தடவை கோர்ட் வாசலில் நின்றவர்களைக் கேள். வழக்கு நிலுவையில் இருக்கும்வரை பாஸ்போர்ட் புதுப்பிப்பதும் இழுபறிதான்.

தோட்டா விஷயத்தில் கோர்ட் எப்படி மாறி மாறிப் போகும் என்பதை நம் சீமையே பார்த்திருக்கிறது. 2013 அக்டோபரில் தூத்துக்குடிக்குப் பக்கத்துக் கடலில் சீமேன் கார்டு ஓஹியோ என்ற கப்பலைக் கடலோரக் காவல் படை மறித்துக் கொண்டுவந்தது, ஞாபகம் இருக்கிறதா? கடற்கொள்ளையரிடமிருந்து சரக்குக் கப்பல்களைக் காக்கிற அமெரிக்கத் தனியார் பாதுகாப்பு கம்பெனியின் கப்பல். கப்பலில் 35 பேர்: பிரிட்டன்காரர்கள் 6, எஸ்டோனியாக்காரர்கள் 14, உக்ரைன்காரர்கள், மீதி நம் நாட்டவர். 35 துப்பாக்கிகள், 5,000-க்கும் மேல் தோட்டாக்கள். தமிழ்நாடு போலீஸின் கியூ பிராஞ்ச் வழக்குப் போட்டது. நம் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிற பாளையங்கோட்டை ஜெயிலில் அந்த வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். 2014-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கையே ரத்து செய்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் வழக்கு நடக்கட்டும் என்றது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி கோர்ட் எல்லோருக்கும் 5 வருஷம் போட்டது. 2017 நவம்பரில் மதுரைக் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. நாலு வருஷம்! அப்போது நான் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஜெயில் மதிலைப் பார்ப்பேன். பனிப்பொழிவில் பிறந்தவன் பங்குனி வெயிலில் உள்ளே எப்படி இருக்கிறானோ என்று தோன்றும். அவர்கள் வேலைக்காக ஆயுதம் வைத்திருந்தவர்கள். நம் கதை வேறு. ஆனாலும் அந்நிய ஊர்ச் சட்டத்தில் மாட்டிக்கொண்டவனுக்கு நியாயம் கிடைத்தாலும் அது நடந்துதான் வரும், ஓடி வராது.

சரி, வேலைக்கு வா. உன் புதுப் பெட்டியானாலும் சரி, பழசானாலும் சரி, கட்டுவதற்கு முன்னால் காலி பண்ணு. ஒரு வெள்ளை வேட்டியை மொட்டைமாடியில் விரி. பகல் வெளிச்சத்தில் செய், டியூப்லைட்டில் செய்யாதே. பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அடியில் தட்டு. எல்லா ஜிப்பையும் திற. சக்கரத்துக்கு மேலே, கைப்பிடிக் கம்பி ஓடுகிற இடத்தில், உள்துணிக்கு ஒரு ரகசிய ஜிப் இருக்கும், அதைப் பலரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். உள்துணியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து, அரிசியில் கல் பார்க்கிற மாதிரி தடவிக்கொண்டே போ. கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தெரியும். தையல் விட்ட இடம் இருந்தால் அங்கே விரலை விட்டுப் பார்த்துவிட்டு, ஊசி நூல் எடுத்து அடைத்துவிடு. பேன்ட், ஜெர்கின், பேரப்பிள்ளைகளின் டிரவுசர் பாக்கெட்டையும் உள்வெளியாகத் திருப்பு. ஒரு பெட்டிக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

அப்படித் தேடும்போது நிஜத் தோட்டாவே கிடைத்தால்? குப்பையில் போடாதே, கிணற்றில் எறியாதே, சுத்தியல் எடுத்துத் தட்டியெல்லாம் பார்க்காதே. ஒரு டப்பாவில் போட்டு, எங்கே எப்படிக் கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, வீட்டில் விவரம் தெரிந்த ஒருவரோடு ஸ்டேஷனுக்குப் போய் ஒப்படைத்துவிட்டு, கொடுத்ததற்கு எழுதி வாங்கிக்கொள். ஏர்போர்ட் வாசலில் நினைவு வந்தால், வரிசையில் நிற்பதற்கு முன்பே துப்பாக்கி பிடித்து நிற்கிற சி.ஐ.எஸ்.எஃப். ஆளிடம் நீயே போய்ச் சொல்லிவிடு. ஸ்கேன் மெஷின் சொல்வதும் நீ சொல்வதும் ஒன்றில்லை.

தோட்டா என்றால் தோட்டா மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. நம் மருமகன் புல்லட் பைக் சாவியில் தோட்டா மாதிரியே ஒரு பித்தளை கீசெயின் தொங்கவிட்டிருக்கிறானே, அதைக் கழற்றிவிடட்டும். பொம்மைதான், கடையில் வாங்கினதுதான். ஸ்கேன் திரையில் உட்கார்ந்திருக்கிறவருக்கு நிழல் மட்டும்தான் தெரியும். துப்பாக்கி மாதிரி செய்த சிகரெட் லைட்டரை அவன் பரிசாகக் கொடுத்தால் வாங்காதே, சிங்கப்பூர் கஸ்டம்ஸின் தடைப் பட்டியலில் அது தனி வரியாகவே இருக்கிறது. சுண்ணாம்பு, பாக்கோடு சேர்த்து வாயில் போடுகிற புகையிலையும் அங்கே தடை. சூயிங்கம்மும்தான்.

அடுத்தது பட்டாசு. நமக்குச் சிவகாசி கூப்பிடு தூரம். தீபாவளி முடிந்து மிச்சமிருக்கிற கம்பி மத்தாப்பை, “அங்கே பிள்ளைகளுக்கு ஆசையா இருக்கும்ல” என்று சேலை மடிப்பில் வைத்து எடுத்துப்போகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். எந்த விமானத்திலும் எந்தப் பெட்டியிலும் பட்டாசு கூடாது, மத்தாப்பும் பட்டாசுதான். சிங்கப்பூரில் 1972-லிருந்தே பட்டாசுக்குத் தடை. இதில் ஆளைக் கவிழ்ப்பது சின்னச் சாமான்: சுருள் கேப்பு, பொட்டு வெடி, பிள்ளைகளின் தீபாவளித் துப்பாக்கி. என் பேரன் பள்ளிக்கூடப் பையின் அடியில், ஐப்பசியில் போட்ட கேப்புச் சுருள் சித்திரை வரைக்கும் இருந்தது. துப்பாக்கி வடிவம், உள்ளே வெடிமருந்து. இரண்டையும் ஒரே பையில் வைத்துவிட்டு, விளையாட்டுச் சாமான் என்று விளக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

பெண்பிள்ளைகள் பாதுகாப்புக்கு என்று வாங்கி வைத்திருக்கிற பெப்பர் ஸ்பிரேயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் அது நல்ல காரியம். பிரிட்டனில் அது 1968-ஆம் வருஷத்துத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட ஆயுதம். ஆமாம், துப்பாக்கிச் சட்டத்தின் கீழ்தான். ஹாங்காங்கிலும் ஆயுதக் கணக்கில்தான் வரும். படிக்கப் போகிற பிள்ளை கைப்பையில் அம்மா ஆசையாகப் போட்டுவிடுவாள். போடாதே. அரிவாள்மணை, தேங்காய்த் துருவி, கத்தி எல்லாம் பெரிய லக்கேஜில் போகட்டும், கையில் வேண்டாம். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இப்போது கசகசா. மகளுக்குப் பேறுகால மருந்து இடித்துக்கொண்டு போகிறாய், குருமாவுக்கு மசாலாப் பொடி திரித்துக்கொண்டு போகிறாய். இரண்டிலும் கசகசா சேர்க்கிற வழக்கம் உண்டு. சிங்கப்பூரிலும் துபாயிலும் கசகசா போதைப்பொருள் சம்பந்தப்பட்ட தடைச் சரக்கு. அபின் எடுக்கிற செடியின் விதைதானே அது. நம் சமையலுக்கு அந்தக் கெட்ட பெயர் தெரியாது. கசகசா இல்லாமல் திரி, பாக்கெட் மசாலா என்றால் பின்பக்கம் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று கண்ணாடி போட்டுப் படி. இருமல் மருந்து, தூக்க மாத்திரை, வலி மாத்திரை எதுவானாலும் கடைச் சீட்டு போதாது, டாக்டர் சீட்டு வேண்டும், அட்டை பிரிக்காமல் வேண்டும். கோடீன், டிரமடால் என்ற பெயர் அட்டையில் இருந்தால் அந்த நாட்டு அனுமதி வேண்டுமா என்று முதலில் கேட்டுவிட்டு எடு.

இனி நீ கோபப்படப் போகிற விஷயம். நீ சிங்கப்பூர் போகிறாய் என்று தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. நாளைக்கு மூன்று வீட்டிலிருந்து பார்சல் வரும். “எங்க பையனுக்கு ரெண்டு கிலோதான்க்கா, சீவல், ஊறுகா, ஒரு சட்டை” என்பார்கள். உன்னால் முகத்தை முறிக்க முடியாது, எனக்குத் தெரியும். 2019-இல் மும்பையிலிருந்து ஒரு இளம் தம்பதி கத்தார் போனார்கள். அத்தை ஒருத்தி அவர்களுக்கு அந்தப் பயணத்தையே பரிசாகக் கொடுத்து, போகும்போது ஒரு பொட்டலத்தையும் கொடுத்தாள், புகையிலைச் சரக்கு என்று. தோஹா விமான நிலையத்தில் பிரித்தால் நாலு கிலோவுக்கு மேல் ஹாஷிஷ். 10 வருஷம் தண்டனை. அந்தப் பெண் மாசமாக இருந்தாள். பிள்ளை ஜெயிலில் பிறந்தது. அவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் என்று இந்தியாவில் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு விசாரித்து நிரூபித்து, தூதரகம் எடுத்துச் சொல்லி, 2021-இல்தான் விடுதலையாகி வந்தார்கள். கொடுத்தது யார்? சொந்த அத்தை.

ஆகவே யார் கொடுத்தாலும் ஒட்டிய பொட்டலம் வாங்காதே. பிரித்துக்காட்டச் சொல். “அக்கா திட்டுவா” என்று என் மேல் பழி போடு, நான் ஏற்றுக்கொள்கிறேன். ஊறுகாய் என்றால் கரண்டி போட்டுக் கிண்டிப் பார். சட்டை என்றால் காலர் அட்டையை எடுத்துவிட்டு உதறு. உள்ளே இருப்பது ஒவ்வொன்றும் உனக்குத் தெரிந்தால்தான் உன் பெட்டியில் இடம். லக்கேஜில் ஒட்டுகிற சீட்டில் இருப்பது உன் பெயர். சீவல்காரி பெயர் இல்லை.

ஏர்போர்ட்டிலேயே யாராவது நம் பையில் போட்டுவிட்டால் என்ன செய்வது என்று சின்னவள் கேட்டாள். சினிமா பார்த்துக் கேட்கிறாள் என்று நினைத்தேன். உண்மையாகவே நடந்திருக்கிறது. 2015-இல் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா விமான நிலையத்தில், ஊழியர்களே பயணிகளின் பையில் தோட்டாவைப் போட்டுவிட்டு, விட்டுவிடப் பணம் பிடுங்குகிறார்கள் என்று பெரிய களேபரம். அவர்கள் மொழியில் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: தானிம் பாலா. தோட்டா நடுகை என்று அர்த்தம், நாற்று நடுவது மாதிரி! அந்த நாட்களில் பெட்டிக்கு மேல் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிச் சுற்றி, கொழுக்கட்டை மாதிரி ஆக்கிக்கொண்டு போனார்கள். அங்கே தோட்டாவைத் தாயத்து மாதிரி கூடவே வைத்துக்கொள்கிற வழக்கமும் உண்டு என்பதால், எது போட்டது, எது இருந்தது என்று பிரிப்பதே பாடாகிவிட்டது.

நாம் அந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். வெளிப்பக்க ஜிப் பைகளில் ஒன்றும் வைக்காமல் காலியாக விட்டு, அதையும் பூட்டிவிடு. பெட்டி கட்டும்போது செல்போனில் ஒவ்வொரு அடுக்கையும் ஒரு படம் எடு, கடைசியாகப் பூட்டின பெட்டியை ஒரு படம். சாமான் காணாமல் போனாலும் அது உதவும். சாப்பிடப் போகும்போது பையை அடுத்தவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லாதே. நம் ரயில்வே ஸ்டேஷனில் பொதிகை எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும்போது சொல்வாயே, அந்தப் பழக்கத்தை இங்கேயே விட்டுவிட்டுப் போ.

எல்லாம் செய்தும் ஏதோ மாட்டிக்கொண்டது என்று வை. அழு, தப்பில்லை. ஆனால் மூன்று காரியம் செய்யாதே: அந்தப் பொருளைத் தொடாதே, ஒவ்வொரு ஆளிடமும் ஒவ்வொரு கதை சொல்லாதே, புரியாத மொழியில் நீட்டுகிற தாளில் கையெழுத்துப் போடாதே. “தமிழ் இன்டர்பிரட்டர்” என்று கேள். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, தயங்கவே வேண்டாம். “இந்தியன் ஹை கமிஷன்” என்று சொல். வெளிநாட்டில் பிடிபட்டவர் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லக் கேட்பது 1963-ஆம் வருஷத்து வியன்னா ஒப்பந்தம் கொடுத்த உரிமை. அவர்கள் செய்கிற தயவு இல்லை. இங்கே வீட்டில் இருக்கிறவர்கள் வெளியுறவுத் துறையின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் புகார் பதியலாம், சென்னையில் அயலகத் தமிழர் நலத் துறையிலும் சொல்லலாம். அதற்குப் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல் ஒரு செட் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். இன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வா.

எடை போட ஏர்போர்ட் வரை போகாதே. நம் பூமார்க்கெட்டில் மல்லி எடை முடிந்த பிறகு, பதினோரு மணிக்கு மேல் தராசு சும்மாதான் இருக்கும். நம் பூக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பெட்டியில் கொஞ்சம் பூ வாசனை ஏறும், அவ்வளவுதான்.

கடைசியாக ஒன்று கேட்டாயே, கோமதி அம்மன் சன்னதிப் புற்றுமண். பிள்ளை பெறப்போகிறவளுக்கு வயிற்றில் தடவ வேண்டும் என்று ஒரு பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாய். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் மண் என்றாலே பெட்டியிலிருந்து எடுத்து எறிந்துவிடுவார்கள், மண்ணோடு பூச்சியும் கிருமியும் வரும் என்று. செருப்பில் ஒட்டின மண்ணையே விடமாட்டார்கள். சிங்கப்பூருக்கு மட்டும் எதற்கு நாமே போய்ப் பரீட்சை வைத்துப் பார்க்க வேண்டும்? உன் பேத்தி சடங்குக்கு என்று எடுத்து வைத்த மயிலிறகும் அப்படியே. அதை நம் நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோகவே தடை. இரண்டையும் என்னிடம் கொடுத்துவிடு. வெள்ளிக்கிழமை காலை விடியலில் கோயிலுக்குப் போவோம். புற்றுமண்ணை நெற்றி நிறைய இட்டுக்கொண்டு கிளம்பு. நெற்றியில் இருப்பதை எந்த ஸ்கேனிலும் எடுக்கச் சொல்ல மாட்டார்கள்.